தூசி வாங்கும் தளபதி

நீங்கள் எப்போதாவது காசு கொடுத்துத் தூசி வாங்கியிருக்கிறீர்களா?

சிரிக்க வேண்டாம். நேர்மையாகத்தான் கேட்கிறேன். கட்டிலுக்கு அடியில், மின்விசிறியின் இறக்கையில், ஜன்னல் கம்பியில், அலமாரியின் உச்சியில், கூப்பிடாமலே வந்து குடியேறி, இன்று விரட்டினால் நாளை சொந்தபந்தங்களோடு திரும்பி வருகிறதே, அதே தூசியைத்தான் சொல்கிறேன். அதைச் சின்னஞ்சிறு புட்டிகளில் அடைத்து, 'வறண்ட சாலைத் தூசி' என்று சீட்டு ஒட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிற கடைகள் இருக்கின்றன. தூசிக்குப் பக்கத்தில் துரு. துருவிலும் பழைய துரு, புதுத் துரு என்று இரண்டு வகை. அடுத்த தட்டில் சேறு. "இது ஈரச் சேறா, பாதி காய்ந்ததா?" என்று கடைக்காரரிடம் விசாரித்து, புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, வைரம் பார்ப்பவரைப் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "போன தடவை கொடுத்தது இன்னும் கொஞ்சம் அழுக்கா இருந்துச்சே" என்று குறைப்பட்டுக்கொண்டே வாங்கிப் போகிற மனிதர்களும் இருக்கிறார்கள். கடையை விட்டு இறங்கியதும் செருப்பில் ஒட்டுகிற சேற்றைப் பார்த்துச் 'சீ' என்பவர்களும் இவர்களேதான்.

இந்த இனத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். போர்க்கால டாங்கி ஒன்றின் பிளாஸ்டிக் மாதிரியை, அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில், துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்து, வர்ணம் பூசி, பூசிய வர்ணத்தைத் தாமே கெடுத்து, கீறி, அழுக்காக்கி, துருப்பிடிக்க வைத்து, சேற்றில் புரட்டி, அது இப்போதுதான் போர்க்களத்திலிருந்து திரும்பி வந்தது போல் ஆக்கிவிட்டு, பெருமூச்சு விடுகிற இனம். உருவத்தில் நம்மைப் போலவே இருப்பார்கள். வரி கட்டுவார்கள், ஓட்டுப் போடுவார்கள், பல் வலித்தால் அழுவார்கள். ஆனாலும் சில அடையாளங்கள் உண்டு.

பேருந்து நிறுத்தத்தில் நாமெல்லாம் வருகிற பேருந்தின் எண்ணைப் பார்ப்போம். இவர் சக்கரத்தைப் பார்ப்பார். சேறு எந்த உயரம் வரை தெறித்திருக்கிறது, மேலே போகப் போக எப்படி மெலிகிறது என்று குனிந்து பார்த்து முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். தெரு முனையில் ஒரு பழைய இரும்புக் குப்பைத்தொட்டி கிடந்தால் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோம். இவர் நின்றுவிடுவார். ஆகா, அந்த ஓரத்தில் வழிந்து இறங்கியிருக்கிற துரு! செல்பேசியை எடுத்து நாலு கோணத்தில் படம் பிடிப்பார். ஒரு மனிதன் குப்பைத்தொட்டியை இத்தனை பயபக்தியோடு படம் பிடித்தால் தெரு சும்மா இருக்குமா? பத்துப் பேர் கூடிவிடுவார்கள்.

"உள்ள என்னங்க, பாம்பா?"

"பணமா?"

"துரு" என்பார் இவர், கண்கள் பனிக்க. கூட்டம் அவருடைய குடும்பத்தை நினைத்து இரக்கப்பட்டுக் கலையும்.

இன்னொரு அடையாளம்: 'பொம்மை' என்ற சொல்லை அவர் காதுபடச் சொன்னால் முகம் சுண்டிப்போகும். 'மாடல்' என்று சொல்ல வேண்டும். பொம்மைக்கும் மாடலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"பொம்மையை வெச்சுக் குழந்தைங்க விளையாடும்" என்றார்.

"மாடலை?"

"யாரும் தொடக்கூடாது."

கடவுளைக் கும்பிடுகிறவனாவது அவரிடம் ஏதாவது வேண்டிக்கொள்வான். இவர்கள் எதையும் வேண்டுவதில்லை. வெறும் பக்தி. கலப்படமில்லாத பக்தி. அதுவும் எதன் மேல்? மனிதனை நசுக்குவதற்கென்றே மனிதன் செய்த இரும்புப் பெட்டியின் மேல்!

பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவருக்குத் தளபதி என்று பெயர். மைத்துனர் வைத்த பெயர். இதுவரை அவர் கையாண்ட மிகப் பெரிய ஆயுதம் பல்குத்தும் குச்சி. தளபதிக்குப் பிழைப்பு ஃப்ரிட்ஜ் செய்கிற தொழிற்சாலையில். வர்ணம் பூசி வருகிற கதவுகளை வெளிச்சத்தில் நிறுத்தி, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் சிவப்பு வில்லை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

"சார், இது கண்ணுக்கே தெரியல சார்" என்று பூச்சுப் பிரிவு ஆட்கள் கெஞ்சுவார்கள்.

"எனக்குத் தெரியுதே."

பகல் முழுவதும் கீறலைத் தண்டிக்கிற இந்த நீதிபதி, மாலையில் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, மேசை முன் உட்கார்ந்து, பழுதே இல்லாமல் பூசி முடித்த டாங்கியின் மேல் ஊசி முனையால் கீறல் போடுகிறார். சும்மா போடவில்லை. ஓட்டுநர் ஏறும்போது அவருடைய பூட்ஸ் எங்கே உரசியிருக்கும், மரக்கிளை எங்கே இழுத்திருக்கும், மண்வெட்டி எங்கே இடித்திருக்கும் என்று யோசித்து யோசித்துப் போடுகிறார். ஒரு நல்ல கீறலுக்கு ஒரு மாலைப் பொழுது. கீறல் விழுந்த கதவுக்காக அரை நாள் சம்பளத்தைப் பறிகொடுத்த தொழிலாளி யாராவது அந்த நேரத்தில் கதவைத் தட்டி உள்ளே வந்தால் என்ன ஆகும்? தளபதிக்கு ஒன்றும் ஆகாது. "கொஞ்சம் அந்த லைட்டைப் பிடிங்க" என்பார்.

அவர் வேலை செய்கிற முறையைக் கேளுங்கள். முதலில் டாங்கி முழுவதும் துரு நிறம் பூசுவார். அது காய வேண்டும். அதன்மேல் மனைவியின் தலைமுடியில் அடிக்கிற ஸ்பிரேயை எடுத்து அடிப்பார். அது காய வேண்டும். அதற்கும் மேல் பச்சை பூசுவார். அதுவும் காய வேண்டும். பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால், ஸ்பிரே கரைந்து, பச்சை அங்கங்கே உரிந்து, அடியில் இருக்கிற துரு எட்டிப் பார்க்கும். பாத்திரம் தேய்க்கிற பஞ்சைக் கிள்ளி, வர்ணத்தில் தொட்டு, ஒற்றி ஒற்றி எடுத்தால் இன்னும் கொஞ்சம் உரிந்தது போலத் தெரியும். அதன்மேல் எண்ணெய் வர்ணத்தைக் கரைத்து, சந்து பொந்தெல்லாம் ஓடவிட்டு, மழைநீர் வழிந்த கறை. அதன்மேல் தூசி. அதன்மேல் சேறு. எல்லாவற்றுக்கும் மேல், எரிபொருள் ஊற்றும்போது யாரோ கை தவறிச் சிந்தியது மாதிரி ஒரே ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டுக்காக மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு முத்துக்குளிப்பவர் கடலடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்.

மைத்துனருக்கு இது பொறுக்கவில்லை. அவர் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய நகக்கண்ணில் இருக்கிற அழுக்கு அசல் அழுக்கு.

"மாமா, எதுக்குக் காசு கொடுத்து அழுக்கு வாங்குறீங்க? என் பட்டறைக்கு வாங்க. நாப்பது வருஷத் துரு கிடக்கு. சொரண்டி மூட்டை கட்டித் தரேன்."

"அது சரிப்படாது."

"ஏன், என் துரு என்ன பாவம் பண்ணிச்சு?"

"உன் துரு நிஜத் துருப்பா. அளவு ஒத்து வராது. முப்பத்தஞ்சுல ஒரு பங்கு டாங்கியில அதை ஒட்டினா, பாறாங்கல்லு ஒட்டின மாதிரி இருக்கும்."

"அப்ப நிஜம் பொய்யா தெரியும், பொய்தான் நிஜமா தெரியும்ங்கிறீங்க."

"அதேதான்!"

"மாமா, நீங்க தேர்தல்ல நிக்கலாம்."

நிஜத் தூசிக்கும் இதே கதிதான். பொய்த் தூசியின் மேல் நிஜத் தூசி படிந்துவிடக் கூடாதே! அதற்காக வீட்டிலிருந்த மீன் தொட்டியைக் காலி செய்து, கவிழ்த்து, டாங்கியின் மேல் மூடி வைத்திருந்தார். மீன்கள் இரண்டும் சமையலறையில், சாம்பார் வைக்கிற பாத்திரம் ஒன்றில், எந்த நேரம் என்ன நடக்குமோ என்ற பார்வையோடு சுற்றிக்கொண்டிருந்தன. தினமும் காலையில் தளபதி மூடியைத் தூக்கி, ஒட்டக மயிர்த் தூரிகையால், நிஜத் தூசியை மட்டும் தட்டிவிட்டு, பொய்த் தூசிக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வார். எது நிஜம், எது பொய் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அசிங்கமாக இருந்தால் நிஜமாம்.

இதுவரை சிரித்துவிட்டோம். இனி மேசைக்கு வருவோம்.

அந்த வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு மேசை. தளபதியின் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். பதினெட்டு வருட அனுபவம். வார்டு மேற்பார்வையாளர் ஆவதற்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். முதல்முறை வாய்ப்பு வந்தபோது மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, அவரைப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் முறை வந்தபோது மகளுக்கு மஞ்சள் காமாலை. இந்த முறை மூன்றாவது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத முடியாது. அவருக்கு நாற்பத்து நான்கு முடிந்து ஏழு மாதம். அவருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து, ஊசி போட அவரிடமே கற்றுக்கொண்ட இரண்டு பேர் இன்று அவருக்கு உத்தரவு போடுகிறார்கள். ஆக, இதுதான் கடைசி வண்டி. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. மூன்று மாதத்துக்கு முன்பே நர்ஸம்மா கேட்டுவிட்டார்.

"ஏங்க, மேசையைக் கொஞ்சம் ஒழிச்சுத் தரீங்களா? படிக்கணும்."

"பத்தே நாள்மா. காயலை."

பத்து நாள் கழித்து: "அடியில காஞ்சிடுச்சு, மேல காயலை." அடுத்த பத்து நாள் கழித்து: "மேல காஞ்சிடுச்சு, இப்பதான் சேறு போட்டிருக்கேன்."

"ஓரமா ஒரு முழம் இடம் போதுங்க."

"ஓரத்துல உக்காந்து நீ எழுதினா மேசை அதிரும்மா."

அதிருமாம்! அந்த அம்மாள் பேனாவால் எழுதுகிறாரா, கடப்பாரையாலா?

நர்ஸம்மா எங்கே படித்தார் தெரியுமா? வாஷிங் மெஷின் மேல். உயரமும் ஏறக்குறையச் சரி, நின்றுகொண்டே எழுத வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றவருக்கு இன்னும் இரண்டு மணி நேரம் நிற்பது பெரிய காரியமா என்று தளபதி நினைத்திருக்கலாம். அல்லது நினைக்கவே இல்லாமல் இருந்திருக்கலாம். இயந்திரம் துணி அலசும்போது படிப்பார். பிழியும்போது எழுதுவதை நிறுத்திவிட்டுப் பிடித்துக்கொள்வார். நிறுத்தாத நாட்களில் எழுதிய குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். நில நடுக்கத்தைப் பதிவு செய்கிற கருவி வரைந்தது போல இருந்தது. பக்கத்தில் பாத்திரத்து மீன்கள். மூன்று ஜீவன்களும் ஒரே தளபதியால் இடம்பெயர்க்கப்பட்ட அகதிகள்.

தளபதி கெட்டவரா? இல்லவே இல்லை. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். குரல்கூட உயராது. எல்லாவற்றையும் முப்பத்தைந்தில் ஒரு பங்காகப் பார்த்துப் பழகியவர். வீட்டுப் பொறுப்பையும் அந்த அளவிலேயே பார்த்தார். வேறு குற்றம் கிடையாது.

இந்த இனத்துக்குச் சங்கமும் உண்டு. நாலு உறுப்பினர்கள்; ஞாயிறு காலைகளில் கூடுவார்கள்; கூடினால் சண்டை. செயலாளருக்குத் தொழில் பல் செட் செய்வது. வாடிக்கையாளருக்கு முத்து முத்தாக வெள்ளைப் பல் செய்து கொடுத்துவிட்டு, அந்தப் பல் மருத்துவக் குட்டிக் கண்ணாடியையே எடுத்துக்கொண்டு வந்து டாங்கியின் அடிவயிற்றைப் பார்ப்பார். ஒருமுறை தளபதியின் சேற்றைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன தீர்ப்பு எனக்கு மறக்காது.

"சேறு பிரமாதம் சார். ஆனா இது ஏப்ரல் சேறு. சண்டை நடந்தது அக்டோபர்ல."

தளபதி மூன்று வாரம் உட்கார்ந்து அந்தச் சேற்றைச் சுரண்டினார். ஒருவர்மேல் ஒருவர் சேறு வாரி இறைக்கிற சங்கங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். சேற்றின் மாதத்தைச் சரிபார்க்கிற சங்கம் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

அந்த வியாழக்கிழமை வந்தது. தேர்வுக்கு இன்னும் மூன்று நாள். மாலை ஐந்து மணி. மாத இறுதியில் நடக்கப்போகிற கண்காட்சிக்கு முன்னால் டாங்கியைக் கடைசியாக ஒருமுறை சோதிக்கச் செயலாளர் வந்திருந்தார். அக்காவின் ஸ்கூட்டரைச் சரிசெய்து கொண்டுவந்து விட்ட மைத்துனர் வாசலோரம் நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் இருந்தேன். சமையலறையில் வாஷிங் மெஷின் மேல் நர்ஸம்மா குனிந்திருந்தார்.

மீன் தொட்டி தூக்கப்பட்டது. செயலாளர் குட்டிக் கண்ணாடியால் அடியைப் பார்த்தார், தலையாட்டினார். சக்கரத்தைப் பார்த்தார், "அக்டோபர்!" என்றார் மகிழ்ச்சியோடு. தளபதியின் முகம் மலர்ந்தது. பிறகு டாங்கியின் பீரங்கிக் கோபுரத்தின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். 214. பையிலிருந்து பழைய ராணுவப் பதிவேடுகளின் தடித்த நகல் கட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். புரட்டிய கை நின்றது.

"சார், இந்த 214 சேத்தையே பாத்தது இல்ல."

"என்னது?"

"ரயில்ல வந்து இறங்கியிருக்கு. புத்தம் புதுசு. ஸ்டேஷன் வாசல்ல இருந்து தார் ரோட்டுல எண்ணூறு மீட்டர் போயிருக்கு. அங்கேயே குண்டு விழுந்து முடிஞ்சு போச்சு. மொத்தம் நாப்பது நிமிஷம்."

ஐந்து மாதம் அழுக்காக்கிய டாங்கி, பிறந்ததிலிருந்து சுத்தமாகவே வாழ்ந்து சுத்தமாகவே செத்த டாங்கி!

"மழை?" என்றார் தளபதி, ஈனக்குரலில்.

"பெய்யலை. அன்னிக்கு நல்ல வெயில்."

"ரோட்டுல எங்கயாவது பள்ளம்... தண்ணி தேங்கி..."

"சார், நான் பொய் சொல்ல முடியாது. தார் ரோடு."

"ரோடு ரிப்பேர் ஏதாவது நடந்திருக்கலாமே?" என்று கெஞ்சினார் தளபதி. மரண வாசலில் நிற்கிற நோயாளியின் உறவினர்கூட டாக்டரிடம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஒரு குட்டை! ஒரே ஒரு குட்டை!

மைத்துனருக்கு இரக்கம் வந்துவிட்டது. "மாமா, நம்பரை மாத்திட்டா போச்சு."

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "கோபுரத்து மேல இந்த மாதிரி மூடி வெச்ச டாங்கி 210ல இருந்து 216 வரைக்கும்தான் தம்பி" என்றார் செயலாளர்.

"சரி, அதுல வேற ஒண்ணு."

"எல்லாம் அதே ரயில்."

தளபதி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது சமையலறை வாசலில் நர்ஸம்மா வந்து நின்றார். கையில் பேனா. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார்.

"சார், அதுக்குள்ள எத்தனை பேரு இருந்தாங்க?"

"அஞ்சு பேரு சிஸ்டர்."

"அவங்க என்ன ஆனாங்க?"

செயலாளர் கட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். "அது... இதுல இல்ல சிஸ்டர். வண்டி விவரம் மட்டும்தான் இருக்கு."

கவனியுங்கள். அந்தக் கட்டில் நானூறு பக்கம். வர்ணம் எந்த ஆலையில் கலக்கப்பட்டது என்று இருக்கிறது. பீரங்கிக் குழாயின் உள்விட்டம் இருக்கிறது. ஆணிகள் எத்தனை, அதில் எத்தனை உருண்டைத் தலை, எத்தனை தட்டைத் தலை என்பது வரை இருக்கிறது. ஐந்து மனிதர்களின் பெயர் இல்லை. நானூறு பக்கத்தில் ஐந்து வரிக்கு இடமில்லை! போருக்கு அனுப்பியவர்கள் எழுதவில்லை. அது புரிகிறது, அவர்களுக்கு எழுதாமல் இருப்பதுதான் வசதி. படித்தவர்களும் கேட்கவில்லையே?

"தீக்காயம் பாடம்தான் இப்ப படிச்சிட்டிருக்கேன்" என்றார் நர்ஸம்மா. குரல் உயரவில்லை, வார்டில் மாத்திரை கொடுக்கிற குரல். "மூடின இடத்துல தீப்பிடிச்சா தோலுக்கு முன்னாடி மூச்சுக்குழாய் வெந்துடும். வீங்கி அடைச்சுக்கும். கத்தணும்னு நெனச்சாலும் சத்தம் வராது. பாய்லர் வெடிச்சு ஒருத்தர் என் வார்டுக்கு வந்தாரு, ரெண்டு நாள் என் கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. இந்த அஞ்சு பேருக்கு அதுவும் இல்ல. ஆமா, தார் ரோடுன்னா ரெண்டு பக்கமும் வீடு இருந்திருக்குமே? அந்த வீட்டுக்காரங்க?"

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தளபதியின் கண்கள் கலங்கிவிட்டன. ஆகா, மனிதர்கள் விழித்துக்கொள்கிற தருணம் என்று நினைத்தேன். அறிவு என்றும் தோற்பதில்லை என்று மனதுக்குள் ஒரு வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது.

"சிஸ்டர் சொல்றது ரொம்ப முக்கியமான விஷயம் சார்" என்றார் செயலாளர், தழுதழுத்து.

"ஆமா சார்" என்றார் தளபதி. "தீ!"

"தீயை நாம மறந்தே போயிட்டோம் பாருங்க!"

"பெயிண்ட் பொங்கி, கொப்புளம் கொப்புளமா உரிஞ்சிருக்கும்!"

"மூடியைச் சுத்திப் புகைக் கறுப்பு! அதுக்குக் கீழே சாம்பல் வெள்ளை!"

"ரப்பர் உருகி ரோட்டுல ஒழுகியிருக்கும் சார்! சேறே வேண்டாம்!"

"எத்தனை நாளாகும்?"

"பூச ஒரு வாரம். காய ஒரு மாசம்!"

கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்!

நர்ஸம்மா தம்பியைப் பார்த்தார். "டேய், அந்தப் பக்கம் புடி."

"எதைக்கா?"

"மேசையை."

டாங்கிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, பிறந்த குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தோடு தூக்கி, நர்ஸம்மா தரையில் வைத்தார். புட்டிகளை வரிசையாக அதன் பக்கத்தில் இறக்கினார். தூரிகை ஒன்றுகூட உருளவில்லை. இதற்குள் அந்த இரண்டு வீரர்களும் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? டாங்கி இறங்க இறங்க, அதைப் பார்த்த கண்ணை எடுக்காமல், நாற்காலியிலிருந்து நழுவி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சு ஒரு நொடி தடைப்படவில்லை. "புகை காத்தடிச்ச பக்கம்தானே படியும்? அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?" அவர்களுடைய தலைக்கு மேலாக மேசை பறந்து போயிற்று. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். பக்கவாட்டில் சாய்த்து, கால்களை முதலில் நுழைத்து, அக்காவும் தம்பியும் அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய், ஜன்னலோரம் போட்டார்கள். பின்னாலேயே ஒரு நாற்காலி போயிற்று. புத்தகம் போயிற்று. தம்பி வெளியே வந்தார். தாழ்ப்பாள் விழுந்தது.

அரை மணி நேரம் ஆயிற்று. இடையில் மைத்துனர் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். தளபதி குடித்துவிட்டு, வழக்கம்போல், பார்க்காமலே, டம்ளரை மேசைமேல் வைத்தார். அது விழுந்து உருண்டு போய்க் கதவில் இடித்தது.

"மேசை எங்கே?" என்றார் தளபதி.

"மாமா, எந்த ஊர்ல எந்தப் பக்கம் காத்தடிச்சுதுன்னு சரியா சொல்றீங்க, வீட்டுல ஒரு மேசை நடந்து போனது தெரியலையா?" என்றார் மைத்துனர்.

தளபதி எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைத் தட்டினார். "ஏம்மா... மேசை..."

"காயலைங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன காயலை?"

"இங்க். ஞாயித்துக்கிழமை வரைக்கும் காயாது."

ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா தேர்வு எழுதினார். தேறிவிட்டார். இப்போது நாற்பது படுக்கை கொண்ட வார்டு அவர் பொறுப்பில். மேசை திரும்பி வரவில்லை. பணிப் பட்டியல் போடுவதும், மருந்து கேட்டு மேலிடத்துக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதுவதும் அதன்மேல்தான். மீன்களுக்குத் தொட்டி திரும்பக் கிடைத்துவிட்டது.

தளபதிக்குப் புத்தி வந்ததா என்று கேட்கிறீர்கள். அவர் இப்போது வாஷிங் மெஷின் மேல் வேலை செய்கிறார். இயந்திரம் துணி பிழிகிற நேரத்தில் புகைக் கறுப்பைப் பூசினால் உண்மையான போர்க்கள அதிர்வு பூச்சில் கிடைக்கிறது என்று சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியது. நாலுக்கு நாலு.

இதைப் படித்துவிட்டு, 'நமக்கு டாங்கியும் தெரியாது, தூரிகையும் தெரியாது' என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறீர்கள் அல்லவா? அவசரப்படாதீர்கள். வெள்ளத்தில் வீடு போய்விட்டது என்று ஒருவர் அழுதபோது, "பன்னிரண்டு அடி இல்லீங்க, பதினொன்றரை அடி தண்ணிதான்" என்று திருத்தினீர்களே, அது யார்? வேலையை விட்டு நீக்கப்பட்டவர் மனு எழுதிக்கொண்டு வந்து காட்டியபோது, சிவப்பு மையால் காற்புள்ளி போட்டுத் திருப்பிக் கொடுத்தது யார்? எந்தத் தலைவர் எந்தத் தேதியில் எந்த மேடையில் என்ன நிறத் துண்டு போட்டிருந்தார் என்று செல்பேசியில் மூன்று நாளாக நடக்கிற வாக்குவாதத்தில் ஆதாரத்தோடு குதித்தவர் யார்? பொருளைப் பற்றி நமக்கு இம்மி பிசகாது. அதற்குள் இருந்த ஆளைப் பற்றிக் கேட்டால் மட்டும் கட்டைப் புரட்டுகிறோம்.

கண்ணாடியில் போய்ப் பார்க்க வேண்டாம். இந்த இனம் கண்ணாடியில் தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது மடியில் வைத்தோ, படிக்கட்டில் உட்கார்ந்தோ, நின்றுகொண்டோ தன் வேலையைச் செய்கிறாரா என்று பாருங்கள். செய்கிறார் என்றால், இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிட்டு எழுந்திருங்கள். மேசைமேல் பரப்பி வைத்திருப்பது எதுவானாலும் கீழே இறக்குங்கள். ஒரு பக்கத்தை நீங்கள் பிடியுங்கள். மறுபக்கத்துக்கு அவர் வந்துவிடுவார். ஜன்னலோரமாகப் போடுங்கள், அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும்.